பறிக்காமல் விட்ட பூ

ஆப்பிளைப் பார்க்கத்தான் காந்தலூருக்குக் கூட்டம் வருகிறது. மூணாறில் இரண்டு நாள் தேயிலையைப் பார்த்துச் சலித்தவர்கள் ஜீப் பிடித்து, மறையூர் சந்தனக் காட்டைக் கடந்து மேலேறுகிறார்கள். மரத்தில் தொங்கும் ஆப்பிளுக்கும் பிளம்ஸுக்கும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். வீட்டுக் கொல்லையில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் காசித்தும்பையையும் யாரும் படம் எடுப்பதில்லை. எல்லா ஊர்க் கொல்லையிலும் இருக்கிற பூக்கள்தானே என்ற நினைப்பு. ஆனால் எல்லா ஊர்க் கொல்லையிலும் அவை இப்போது இல்லை. காந்தலூரிலும் முன்பு போல இல்லை.

ஒரு பூச்செடி ஊரைவிட்டுப் போவதை யாரும் கவனிப்பதில்லை. புலி குறைந்தால் கணக்கெடுப்பில் தெரியும். நெல் ரகம் மறைந்தால் வேளாண் பல்கலைக்கழகத்தில் யாராவது கட்டுரை எழுதுவார்கள். இரட்டை இதழ்க் காசித்தும்பை ஒரு தெருவிலிருந்து காணாமல் போனால், நாலைந்து வருஷம் கழித்து ஒரு பாட்டி மட்டும் கேட்பார்: “மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் ரோஸ் கலர்ல ஒண்ணு நின்னுச்சே, எங்கடி அது?” பதில் சொல்ல யாருக்கும் தெரியாது. கேள்வியோடு அது முடிந்துபோகும்.

காந்தலூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. மறையூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அரசாங்கக் காகிதம் மலையாளத்தில் வந்தாலும் பெரும்பாலான வீடுகளில் பேச்சு தமிழ்தான். அஞ்சுநாடு என்று அழைக்கப்படும் இந்த மலைக் கிராமங்களின் முன்னோர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பஸ் ஏறினால் உடுமலைப்பேட்டை. ஓணம் வந்தால் கேரளச் சந்தை. இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிற ஊர் இது.

வானிலையும் அப்படித்தான். தென்மேற்குப் பருவமழை மூணாறை அடித்துத் துவைக்கும்போது மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் காந்தலூருக்கு மிச்சமீதித் தூறல்தான் கிடைக்கிறது. இதற்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்ட காற்று, தெளிந்த வெயில், ராத்திரியில் குளிர். கேரட்டும் முட்டைக்கோஸும் பூண்டும் விளைய இது ஏற்ற இடம். விதை முற்றிக் காய்வதற்கும் இதே வறட்சிதான் வேண்டும். அமெரிக்காவில் பூ விதைக்குப் பெயர் பெற்றது கலிபோர்னியாவின் லாம்பாக் பள்ளத்தாக்கு. இந்தியாவில் பஞ்சாபின் சங்ரூர், பாட்டியாலா மாவட்டங்களில் விவசாயிகள் பூ விதைக்கென்றே வயல் வயலாகப் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு இடத்திலும் பூ விதையாகும் மாதங்களில் மழை குறைவு. காந்தலூர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தை, மாசியில் எடுத்த விதைதான் நிற்கும், ஐப்பசியில் எடுத்தது பூஞ்சணம் பிடிக்கும் என்பது மட்டும் தெரியும்.

விதை என்றால் என்னவென்று அறிந்த ஊர்தான். காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டில் நல்லதைப் பொறுக்கி அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பது இங்கே வழக்கம். தேனி மாவட்டம் வடுகபட்டிச் சந்தை வரை விதைப்பூண்டாகவும் அது போகிறது. பூண்டு ஆண்கள் கணக்கு. விலை, வியாபாரி, வங்கிக் கடன் எல்லாம் அதில் உண்டு. பூ விதை பெண்கள் பாடு. அதற்குக் கணக்கே கிடையாது. பழைய சேலைத் துணியில் ஒரு முடிச்சு, அல்லது மூடி இறுகிய ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதைச் சமையலறைப் பரணில் வைத்துவிட்டால் ஆயிற்று.

இந்தப் பூக்களைப் ‘பழைய நாட்டுப் பூ’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் பாதிக்கு மேல் கப்பலேறி வந்தவை. துலுக்கச் சாமந்தி என்கிற செண்டுமல்லியின் சொந்த நாடு மெக்ஸிகோ. வெளியிலிருந்து வந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஸின்னியாவும் காஸ்மாஸும் மெக்ஸிகோதான். மலைத் தோட்டங்களில் கிழங்கு ஊன்றி வளர்க்கும் டேலியா அந்த நாட்டின் தேசியப் பூ. வாடாமல்லி மத்திய அமெரிக்கா. பத்துமணிப் பூ தென் அமெரிக்கா. நித்தியகல்யாணி மடகாஸ்கர். சாயங்காலம் விரியும் அந்திமந்தாரையும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. காசித்தும்பை மட்டும் இந்த மண்ணுக்கே உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் காட்டு உறவினர்கள் நூறு வகைக்கும் மேல். மூணாறைச் சுற்றியுள்ள சோலைக் காடுகளில் பாறை இடுக்கிலும் ஓடைக் கரையிலும் பூப்பவை அவை.

வெள்ளைக்காரர்களும் தங்கள் பங்குக்குச் சில பூக்களைக் கொண்டுவந்தார்கள். மலையில் பங்களா கட்டியவர்களுக்கு ஊர் நினைப்பு வந்தபோது விதைக் கவர் வரவழைத்து ஸ்வீட் பீ, ஹாலிஹாக், லார்க்ஸ்பர் விதைத்தார்கள். ஊட்டியில் 1848ல் தாவரவியல் பூங்காவை அமைக்கும் பொறுப்பேற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் இந்தக் கலையை நீலகிரியில் வளர்த்தார். கண்ணன் தேவன் மலையில் 1897ல் தேயிலைக் கம்பெனி அமைந்த பிறகு மூணாறு பங்களாக்களிலும் அதே பூக்கள். பங்களா முற்றத்திலிருந்து தோட்டக்காரர் வீட்டுக்கும், அங்கிருந்து அவர் மனைவியின் அண்ணி வீட்டுக்கும் விதை போவதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

வந்த வழி எதுவானாலும் நிலைத்த வழி ஒன்றுதான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு.

“ஏக்கா, உங்க ரெட்டைக் காசித்தும்பைல நாலு விதை குடுங்களேன்.”

“இன்னும் காயலடி. அடுத்த வாரம் வா. வர்றப்ப உங்க வீட்டுக் கோழிக்கொண்டை விதை எடுத்துட்டு வா.”

கேட்காமலே எடுத்துக்கொள்வதற்கும் ஊரில் ஒரு சாஸ்திரம் உண்டு. திருடி வைத்த செடி செழிப்பாக வளரும் என்பார்கள். இந்த நம்பிக்கையைக் கண்டுபிடித்த புண்ணியவதி யாரோ தெரியாது. செடி பரவ இதைவிட நல்ல சட்டம் இல்லை.

விதை எடுப்பது சுலபமான வேலை போலத் தெரியும். செய்து பார்த்தால்தான் அதன் நுணுக்கம் புரியும். காசித்தும்பையின் காய் முற்றியதும் தொட்டாலே வெடித்துச் சுருண்டு விதையைச் சிதறடித்துவிடும். தாவரவியலில் அதன் பேரினப் பெயரான இம்பேஷன்ஸ் என்பதற்கே ‘பொறுமையில்லாதது’ என்று அர்த்தம். எனவே காய் பருத்து, வெளிறத் தொடங்கியதும் உள்ளங்கையைக் குவித்து அதற்குள்ளேயே வெடிக்கவிட வேண்டும். கோழிக்கொண்டை அதற்கு எதிர். கொண்டையின் அடிப்பக்கத்தில், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலக் கறுப்பாகப் பளபளக்கும் சின்ன விதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். காகிதத்தின் மேல் தலைகீழாக உதறினால் போதும். செண்டுமல்லியில் காய்ந்த பூவைப் பிய்த்தால் ஊசி ஊசியாகக் கறுப்பு விதை. வாடாமல்லியில் பஞ்சுக்குள் ஒளிந்த விதை. அந்திமந்தாரையில் மிளகு மாதிரி ஒன்று, பூவின் அடியில் உட்கார்ந்திருக்கும். ஸ்வீட் பீயில் பட்டாணி போன்ற காய். ஆனால் அது தின்னக் கூடாத விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தனியாக வைக்க வேண்டும்.

விதைப்பதிலும் ஒவ்வொன்றுக்கு ஒரு குணம். காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி மூன்றும் கதகதப்பு கேட்பவை. மலையில் குளிர் விலகிய பிறகுதான் இவை முளைக்கும். ஸ்வீட் பீயும் லார்க்ஸ்பரும் குளிர் விரும்பிகள். மழை ஓயும் நேரத்தில் ஊன்றினால் வெயில் ஏறுமுன் பூத்து முடிக்கும். ஹாலிஹாக் பொதுவாக முதல் வருஷம் வெறும் இலைதான் விடும். அடுத்த வருஷம்தான் ஆள் உயரத் தண்டில் பூக்கும். சன்ன விதையை ஆழப் புதைத்தால் மேலே வராது. மேட்டுப்பாத்தியில் தூவி, சலித்த மண்ணும் மட்கிய சாணியும் கலந்து லேசாக மூடி, எறும்பு இழுக்காமல் சாம்பல் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் போதும். காசித்தும்பை ஒரு வாரத்தில் முளைக்கும். செண்டுமல்லி இரண்டு மாதத்துக்குள் பூக்கும்.

இவ்வளவு எளிய விஷயம் ஏன் கைவிட்டுப் போகிறது? நர்ஸரிச் செடியைக் காரணம் சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. காந்தலூர் 2023ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமம் விருதில் தங்கப் பிரிவில் தேர்வானது. விருந்தினர் தங்கும் வீட்டுக்கு வருஷம் முழுக்கப் பூ வேண்டும். எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே நாளில் பூத்த மாதிரி வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் மொட்டோடு வரும் பெட்டூனியாவும் குட்டைச் செண்டுமல்லியும் அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்கின்றன. அவற்றில் பலவும் எஃப்-1 என்கிற முதல் தலைமுறைக் கலப்பினங்கள்.

அவற்றைத் திட்டுவதும் நியாயமில்லை. டாக்டர் மன்மோகன் அட்டாவர் 1965ல் பெங்களூரில் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தத் தொழிலை இந்தியாவில் நிலைநிறுத்தின. பூவைப் பிரித்து, மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கும் நுட்பமான வேலையில் எத்தனையோ பெண்களுக்குச் சம்பளம் கிடைத்தது. ஓணத்துக்குத் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் நம்பியிருந்த கேரளத்தில், சமீப வருஷங்களாகக் குடும்பஸ்ரீ பெண்கள் செண்டுமல்லி பயிரிட்டு நாலு காசு பார்க்கிறார்கள். வியாபாரத்துக்கு ஒரே சீரான பூ தேவை. அதைக் கலப்பினம் தருகிறது.

ஆனால் அந்தப் பூவிலிருந்து எடுத்த விதை, தாய்ப் பூவைத் தராது. காரணம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. மெண்டல் 1866ல் பட்டாணியில் கண்டு எழுதிய விதிகளை 1900ல் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் ஒருவர் ஜெர்மனியின் கார்ல் காரன்ஸ். அவர் ஆராய்ந்த செடிகளில் நம் அந்திமந்தாரையும் ஒன்று. சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் பிறப்பது அத்தனையும் ரோஸ் நிறம். அந்த ரோஸ் செடியின் விதையை விதைத்தால் நான்கில் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, இரண்டுதான் ரோஸ். கடையில் வாங்கிய கலப்பினச் செடியும் இப்படித்தான். அடுத்த தலைமுறையில் உயரம் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். சில பெரிய செண்டுமல்லிக் கலப்பினங்கள் விதையே வைப்பதில்லை. அந்தச் செடியை வைத்திருப்பவருக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. கடைக்கு வழி சொல்லலாம். அவ்வளவுதான்.

பழைய செடியை மட்டும் வைத்துக்கொண்டு ஒதுங்கியிருப்பதும் முடியாத காரியம். தேனீக்கு வேலி தெரியாது. காசித்தும்பையும் ஸ்வீட் பீயும் பெரும்பாலும் தன் குணத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். செண்டுமல்லியும் ஸின்னியாவும் அப்படியல்ல. பக்கத்து விடுதியின் குட்டைச் செண்டுமல்லியிலிருந்து மகரந்தம் வந்து சேர்ந்தால், பாட்டியின் உயரச் செண்டுமல்லி இரண்டு மூன்று வருஷத்தில் வேறொன்றாகிவிடும்.

இந்தக் காரணங்கள் எல்லாம் சரி. இவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சு வருவதில்லை. விதை வேண்டுமென்றால் செடி அசிங்கமாகும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பூத்து ஓய்ந்த செடி பார்க்க லட்சணமாக இருக்காது. இலை மஞ்சளாகும். தண்டு சாயும். பூ இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சருகுக் கொத்து நிற்கும். விதை முற்ற மூன்று வாரமோ ஒரு மாதமோ அப்படியே விட வேண்டும். அதைவிடக் கஷ்டம், நல்ல பூவாகப் பார்த்து விட வேண்டும். மிகப் பெரிய பூ, மிக நல்ல நிறம், முதலில் பூத்தது எதுவோ அதைச் சாமி படத்துக்கும் வைக்காமல், மகள் தலையிலும் வைக்காமல் செடியிலேயே காயவிட வேண்டும். நல்லதையெல்லாம் பறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சிய சோனிப் பூவில் விதை எடுத்தால், சில வருஷத்தில் செடி முழுவதும் சோனியாகிவிடும். இரட்டை இதழ்ப் பூக்களில் விதை குறைவு என்பதால் அவற்றை இன்னும் கவனமாக விட வேண்டும். பாட்டிமார் ஒரு சிவப்பு நூலையோ கிழிந்த ரிப்பனையோ தண்டில் கட்டிவிடுவார்கள். வீட்டில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும்: இதைத் தொடாதே.

விருந்தினர் வரும் முற்றத்தில் இந்தச் சருகுக்கு இடமில்லை. வாடிய செடியைச் சனிக்கிழமைக்குள் பிடுங்கிவிட்டுப் புதுப் பையை இறக்கியாக வேண்டும். சிமெண்ட் போட்ட முற்றத்தில், சிதறிய விதை தானே முளைக்கவும் வழியில்லை. மகள்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய்விட்டால், ரிப்பனின் அர்த்தம் தெரிந்தவர்களும் குறைந்துபோகிறார்கள். பிடுங்குகிறவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அவர் சுத்தம் செய்கிறார்.

பரணில் ஒரு பாட்டில் இருக்கிறதே, அது போதாதா? போதாது. விதைக்கும் ஆயுள் உண்டு. அமெரிக்க விதை விஞ்ஞானி ஹாரிங்டன் சொன்ன கணக்கு உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். காந்தலூரின் குளிர் ஒரு வகையில் வரம். ஆனால் மழைக்கால ஈரம் அந்த வரத்தை விழுங்கிவிடும். நிழலில் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பாட்டிலில் கொஞ்சம் சாம்பலோ வறுத்து ஆறிய அரிசியோ போட்டு மூடினால் செண்டுமல்லியும் ஸின்னியாவும் சில வருஷம் தாங்கும். ஆஸ்டர், லார்க்ஸ்பர் விதைகள் ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாதவை. பாட்டி இறந்து ஐந்தாவது வருஷம் பாட்டிலைத் திறந்து விதைத்தால் மண் மண்ணாகவே இருக்கும்.

உணவுப் பயிர்களுக்குக் காவல்காரர்கள் இருக்கிறார்கள். டெல்லியில் 1976ல் அமைந்த தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் குளிர் அறைகளிலும், நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008ல் திறந்த விதைக் கிடங்கிலும் முதல் மரியாதை நெல்லுக்கும் கோதுமைக்கும்தான். அதுவே முறை, பசிக்குத்தான் முதலிடம். காந்தலூருக்குப் பக்கத்திலேயே, சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் தாயண்ணன்குடியில், முதுவான் மக்கள் வனத்துறையின் துணையோடு மறைந்துகொண்டிருந்த கேழ்வரகு வகைகளை மறுபடி விதைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். கிடங்கில் பூட்டி வைத்து அதைச் செய்யவில்லை. காட்டில் விதைத்து, அறுத்து, அடுத்த வருஷம் மறுபடி விதைத்துத்தான் செய்தார்கள். பூவுக்கும் வழி அதுதான்.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2001ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. துணி முடிச்சுக்கு பிராண்டு கிடையாது.

காந்தலூரில் இன்னும் சில வீடுகளின் பின்பக்கம், அடுத்த சீசனுக்கான நர்ஸரிப் பைகளுக்குப் பக்கத்திலேயே பழைய செடிகள் நிற்கின்றன. முன்பக்கம் விருந்தாளிக்கு, பின்பக்கம் வீட்டுக்கு என்று ஒரு சமாதானம். அது மோசமான ஏற்பாடு அல்ல. கலப்பினச் செண்டுமல்லி கூடத்தை அலங்கரிக்கட்டும். கிணற்றடியில் நாலு முழம் இடம் பழைய பூவுக்கு இருந்தால் போதும். ஒரே கோழிக்கொண்டையில் ஊர் முழுவதற்கும் காணும் அளவு விதை இருக்கிறது. பாதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தால், ஒரு வீட்டில் காட்டுமாடு மிதித்தாலும் இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வேண்டியது அந்த மூன்று வாரப் பொறுமைதான். தை மாதம் கொல்லையில் நிற்கும் சருகைப் பிடுங்கக் கை போகும்போது, தண்டில் நூல் கட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பிடுங்கலாம்.